பதறாதவர்களின் பதற்றம்

தலைமையாசிரியை சிறையில் இருக்கிறார். பள்ளியில் ஒழுங்கைக் காக்க ராணுவம் வந்து இறங்கியிருக்கிறது. புதிய தலைமையாசிரியை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேரும்வரை சிப்பாய்கள்தாம் பொறுப்பு. இவ்வளவு பெரிய செய்திகளை, ஊரறிந்த சமாசாரம்தானே என்ற தோரணையில் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கதைக்குள் நுழைகிறது ‘ப்ளூ மர்டர் அட் செயின்ட் டிரினியன்ஸ்’. 1957 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளியான கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் நேரம் 86 நிமிடம். பெண்பிள்ளைகள் படிக்கும் ஒரு விடுதிப் பள்ளிக்கு ராணுவம் எதற்கு என்று அதில் யாரும் கேட்பதில்லை. மலேயாவிலும் சைப்ரஸிலும் கலகங்களை அடக்கப் பிரிட்டன் படை நிறுத்தியிருந்த வருடங்கள் அவை. அந்தப் பட்டியலில் இந்தப் பள்ளியையும் ஓர் ஊராகச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த அலட்சியத்தின் அழகை முதலில் கொஞ்சம் நின்று ரசிக்கலாம்.

இயக்கியவர் ஃபிராங்க் லாண்டர். அவரும் சிட்னி கில்லியட்டும் இணைபிரியாத இரட்டையர். வால் வாலன்டைனையும் சேர்த்துக்கொண்டு திரைக்கதை எழுதினார்கள். ஹிட்ச்காக்கின் ‘தி லேடி வானிஷஸ்’ படத்துக்கு 1938இல் எழுதியவர்களும் இதே இரட்டையர்தான். ஐரோப்பாவின் குறுக்கே ஒரு ரயிலை ஓடவிட்டு, அதற்குள் மர்மத்தையும் சிரிப்பையும் ஒரே பெட்டியில் உட்காரவைத்த கைகள். அந்தக் கைகள் இப்போது ஒரு பஸ்ஸை ஓட்டுகின்றன. யுனெஸ்கோ நடத்தும் கட்டுரைப் போட்டியில் வென்றால் ரோம் நகருக்கு நல்லெண்ணப் பயணம். செயின்ட் டிரினியன்ஸ் பிள்ளைகள் நேர்மையாக எழுதி வெல்வார்களா? இரவோடு இரவாகக் கல்வி அமைச்சகத்துக்குள் புகுந்து காரியத்தை முடிக்கிறார்கள். பிறகு ரோம்.

இந்தப் படத்தைப் பார்க்கும் எவருடைய கண்ணும் முதலில் பிள்ளைகள்மீதுதான் போகும். ஹாக்கி மட்டைகள், கிழிந்த கறுப்புக் காலுறைகள், கலைந்த தலைகள், கூக்குரல். இன்னொரு முறை பார்க்க வாய்த்தால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களின் முகங்களை மட்டும் பாருங்கள். படத்தின் நுட்பமெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது. பிள்ளைகள் இங்கே இயற்கையின் ஒரு விசை. புயலுக்கு உள்நோக்கம் கிடையாது. அது வரும், அடிக்கும், போகும். புயல் வரப்போகிறது என்று தெரிந்தும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, மேசைமீது காகிதங்களை அடுக்கிவைத்து, ஒன்றும் நடக்காததுபோல் நிற்க முயலும் மனிதர்கள்தாம் வேடிக்கை. பிரிட்டிஷ் நாகரிகத்தின் பெருமைக்குரிய குணம் பதறாமை என்றால், அந்தப் பதறாமை எந்தக் கணத்தில் விரிசல் விடுகிறது என்பதை இவ்வளவு அன்போடு உருப்பெருக்கிக் காட்டிய படங்கள் சிலவே.

கல்வி அமைச்சகத்தின் அறைகளுக்கு வாருங்கள். எரிக் பார்க்கரும் ரிச்சர்ட் வாட்டிஸும் அங்கே அதிகாரிகள். வாட்டிஸின் மூக்குக்கண்ணாடியைக் கவனியுங்கள்; தடித்த சட்டத்துக்குப் பின்னால் எந்நேரமும் லேசாக அதிர்ந்துபோன இரு கண்கள். உதடுகளை இறுக்கி மூடியிருப்பார். சொல்ல நினைத்து விழுங்கிய சொல் ஒன்று எப்போதும் அங்கே தங்கியிருப்பதுபோல் ஒரு தோற்றம். பார்க்கர் வேறு ரகம். அவருடைய திகில் சிறுசிறு சுளிப்புகளாக, தொண்டைச் செருமல்களாக, முடிக்காமல் விடும் வாக்கியங்களாகக் கசியும். பள்ளியின் பெயரை யாராவது சொன்னால் போதும், அறையின் வெப்பநிலை இறங்குவது நமக்கே தெரிகிறது. இருவரும் குரலை உயர்த்துவதில்லை. கோப்பு இருக்கிறது, நடைமுறை இருக்கிறது, எனவே உலகம் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையைக் கடைசி இழைவரை பற்றிக்கொண்டிருக்கிறார்கள். அரசு அலுவலகத்தைக் கேலி செய்யும் படங்கள் ஏராளம். அங்கே வேலை பார்ப்பவர்களின் நரம்புத் தளர்ச்சியை இவ்வளவு இதமாகத் தடவிக்கொடுக்கும் கேலி அபூர்வம்.

அலஸ்டர் சிம் இந்தப் படத்தில் வருவது சில நிமிடங்கள்தான். 1954இல் வந்த முதல் படமான ‘தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் டிரினியன்ஸ்’ஸில் தலைமையாசிரியை மிஸ் ஃப்ரிட்டனாகவும் அவருடைய சூதாட்டக்காரச் சகோதரனாகவும் இரட்டை வேடம் போட்டவர். இங்கே கம்பிக்குப் பின்னால் இருக்கும் ஃப்ரிட்டன் அம்மையாராக முகம் காட்டிவிட்டுப் போகிறார். அந்தச் சில நிமிடங்களிலும் அவர் கையாளும் நேர்த்தியைப் பாருங்கள். ஆண் பெண்வேடம் போட்டால் குரலைக் கீச்சிடவைப்பதும் இடுப்பை ஆட்டுவதும் எல்லா நாட்டு மேடைகளிலும் பழகிப்போன மலிவு. சிம் அதில் எதையும் தொடுவதில்லை. ஏதோ பழைய துயரத்தைத் தாங்கிய தோள்கள், காற்றில் மெல்ல மிதக்கும் விரல்கள், உலகம் தன்னைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்ற பெருமூச்சு. நல்ல குடும்பத்தில் பிறந்து காலத்தின் கொடுமையால் சற்றே வளைந்துபோன ஒரு சீமாட்டியாகத் தன்னை அவர் முழுமனதோடு நம்புகிறார். அவர் நம்புவதால் நாமும் நம்பிவிடுகிறோம்.

சிம்மின் வீட்டுப் பிள்ளை ஒருவர் இதே படத்தில் இருக்கிறார். ஜார்ஜ் கோல் பதின்ம வயதில் மேடைக்கு வந்தபோது, சிம்மும் அவர் மனைவியும் அவரைத் தங்கள் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்கள். அந்தக் கோல்தான் இங்கே ஃபிளாஷ் ஹாரி: போர்க்கால லண்டனின் கள்ளச்சந்தை தந்த தரகன். சரிந்த தொப்பி, மெல்லிய மீசை, உடம்புக்கு ஒருபடி பெரிய கோட்டு. புதருக்குள்ளிருந்து தலை நீட்டி, இருபுறமும் பார்த்து, முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு அவன் நடக்கும் நடை இருக்கிறதே! தரையோடு ஒட்டியும் ஒட்டாமலும் வழுக்கிக்கொண்டு போகும் அந்த நடையில் ஒரு தொழிலின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. இந்தமுறை அவன் கல்யாணத் தரகன். மேல்வகுப்புப் பெண்களின் புகைப்படங்களோடு இத்தாலிக்கே போய் ஓர் இளவரசனிடம் விரித்துக் காட்டுகிறான். படம் பார்த்துப் பெண் கேட்கும் வழக்கத்தைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இளவரசன் நேரில் பார்க்க ஆசைப்பட, ரோம் பயணம் அவசியமாகிறது. காலம் கடந்து பார்க்கையில் இந்தப் பகுதி சற்று நெளியவைக்கும். ஆனால் அந்தத் தரகனின் முகத்தில் எந்நேரமும் மின்னும், எங்கே போலீஸ் என்ற குட்டிக் கவலை அதை மன்னிக்கவைத்துவிடுகிறது.

ஹாரி நடக்கும்போதெல்லாம் கூடவே ஓர் இசைத்துணுக்கும் நடந்துவரும். பியானோ தத்தித் தத்தி, கள்ளத்தனமாய், ஹாரியின் நிழல்போல. மால்கம் ஆர்னால்டின் கைவண்ணம். லண்டன் ஃபில்ஹார்மோனிக்கில் டிரம்பெட் வாசித்துவிட்டு இசையமைக்க வந்தவர் அவர். 1956இல் ஒரு விகட இசைவிழாவுக்காக மூன்று வாக்குவம் கிளீனர், தரை மெருகேற்றும் இயந்திரம் ஒன்று, நான்கு துப்பாக்கி ஆகியவற்றை ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்து ஓர் இசைத்தொகுப்பு எழுதிய ஆசாமி. செயின்ட் டிரினியன்ஸ் பள்ளிக்கீதத்தில் அவர் செய்த குறும்பைக் கேளுங்கள். தேவாலயப் பாடலின் கம்பீரமும் படையணியின் வெறியும் ஒரே மூச்சில் கலந்து வருகின்றன. பிள்ளைகள் பாடும்போது அது வழிபாடா போர்முழக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆர்னால்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இந்தப் படத்துக்கு இசையமைத்த அதே 1957இல்தான் அவர் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்துக்கும் இசையமைத்தார்; அதற்காகப் பின்னர் ஆஸ்காரும் வாங்கினார். இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்ட அந்தக் கதை, ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையைப் பற்றியது. மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் மடிந்த அந்த மரண ரயில்பாதையில், கைதியாக மண் சுமந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் ரொனால்ட் செர்ல். செயின்ட் டிரினியன்ஸ் பள்ளியைக் கோட்டோவியத்தில் படைத்தவரே அவர்தான்.

செர்ல் கேம்பிரிட்ஜில் 1920இல் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து ஸ்காட்லாந்தின் கர்க்கூப்ரியில் இருந்தபோது அறிமுகமான ஒரு குடும்பத்தின் சிறுமிகள், எடின்பரோவில் செயின்ட் டிரினியன்ஸ் என்ற பெயரில் நிஜமாகவே இருந்த பள்ளியில் படித்தவர்கள். அவர்களைச் சிரிக்கவைக்க வரைந்த ஒரு கேலிச்சித்திரம் 1941இல் ‘லில்லிபுட்’ இதழில் வந்தது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வீழ்ந்தது. செர்ல் ஜப்பானியர் கையில். சாங்கி சிறையிலும் ரயில்பாதை முகாம்களிலும் தன்னைச் சுற்றிச் சாகிறவர்களை ஒளித்து ஒளித்து வரைந்தார். காலரா வந்தவர்களின் படுக்கைக்கடியில் அந்தக் காகிதங்களை மறைத்துவைத்தார். அங்கே காவலர்கள் கைவைக்க மாட்டார்கள். தப்பிய சுமார் 300 ஓவியங்கள் இன்று லண்டனில் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கின்றன. போர் முடிந்து வீடு திரும்பியவர் மறுபடி எடுத்துக்கொண்டது அந்தப் பள்ளியைத்தான். எலும்பும் முட்டியுமாக ஒல்லிக் கால்கள், முட்களாய்ச் சிலிர்க்கும் தலைமுடி, மை தெறித்துக் கூர்ந்து ஓடும் கோடு. முகாமில் பழகிய அந்தக் கோடுதான் பள்ளிச் சிறுமிகளின் கைகளில் கோடரியையும் விஷப்புட்டியையும் வைத்தது என்று நினைத்துப் பார்த்தால், இந்தச் சிரிப்பின் அடியில் எவ்வளவு இருட்டு ஊறிக் கிடக்கிறது என்று புரியும். செர்லுக்கே இந்தப் பிள்ளைகள் சீக்கிரம் அலுத்துவிட்டார்கள். 1953 வாக்கில் வரைவதை நிறுத்திவிட்டார். திரை அவர்களை விடவில்லை.

திரையில் அந்தக் கோட்டின் நரம்பைக் காப்பாற்றியவர்கள் கீழ்வகுப்புப் பொடிசுகள். படத்தின் பள்ளியில் இரண்டே இனம்: பொடிசுகள் குட்டிப் பிசாசுகள்; மேல்வகுப்பில் இருப்பவர்கள் வளர்ந்த நடிகைகள் நடித்த சினிமா ராணிகள். நடுவில் ஒருவரும் கிடையாது. ஒரு குட்டிப் பிசாசு எந்த வயதில், எந்த இரவில் ராணியாக மாறுகிறது என்பதைப் படம் ரகசியமாகவே வைத்திருக்கிறது. ராணிகள் அசைவதே சிக்கனம். பொடிசுகளோ சட்டகத்தின் விளிம்புகளில் எந்நேரமும் எதையாவது செய்துகொண்டிருக்கிறார்கள். நடுவே யாரோ முக்கியமான வசனம் பேசிக்கொண்டிருப்பார்.

சப்ரினாவைப் பாருங்கள், அல்லது பார்க்காமல் இருக்க முயலுங்கள். ஐம்பதுகளின் பிரிட்டனில் உடல்வாகுக்காகவே தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பெண். சுவரொட்டிகளில் அவருக்குப் பெரிய இடம். கொட்டகைக்கு வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? படிப்பே கதியென்று கட்டிலில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி. ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. சுற்றிலும் பள்ளி தலைகீழாகிறது. அவர் பக்கத்தைப் புரட்டுகிறார். விளம்பரம் பார்த்து வந்தவர்களைப் பார்த்தே கண்சிமிட்டும் இந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது. படத்திலேயே மிகக் கண்ணியமான நகைச்சுவை இதுதான் என்று வாதாடக்கூடத் தயார்.

வைரத்திருடன் ஒருவன், ஜோ மாங்கன், தன் மகள் படிக்கும் இந்தப் பள்ளிக்கு ஓடிவந்து ஒளிகிறான். பிள்ளைகள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வரவேண்டிய புதிய தலைமையாசிரியையாக வேடம் கட்டவைக்கிறார்கள். திருடனாக நடித்தவர் லயனல் ஜெஃப்ரீஸ். பர்மாப் போர்முனையில் பணியாற்றித் திரும்பியவர், இளவயதிலேயே வழுக்கை. இந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான் என்பதை நம்புவது கடினம். சிம்மின் பெண்வேடத்துக்குப் பக்கத்தில் இவர் வேடத்தை வைத்துப் பார்த்தால்தான் இரண்டின் நயமும் துலங்கும். சிம் ஒரு பெண்மணியாக வாழ்கிறார். ஜெஃப்ரீஸ் நடிப்பதோ, பெண்வேடம் என்றாலே வெறுக்கும் ஒரு முரடன் வேறுவழியின்றிப் பாவாடைக்குள் மாட்டிக்கொண்ட நிலையை. அந்த உடைக்குள் அவன் தோள்கள் தப்பிக்க இடம் தேடிக்கொண்டே இருக்கின்றன. காவல்துறை ஒருபுறம், பிள்ளைகள் ஒருபுறம். இரண்டில் பிள்ளைகளைக் கண்டுதான் அவனுக்கு உண்மையான பயம். திருடிய வைரங்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒரு வாட்டர் போலோ பந்து. ரோமில் நீச்சல்குளத்துக்குள் அந்தப் பந்து கைமாறும்போது, ஒவ்வொரு எறிதலுக்கும் ஜெஃப்ரீஸின் உயிர் கூடவே எழும்பி விழுகிறது.

ரோமுக்குப் போக பஸ் வேண்டும். இந்தப் பள்ளியை ஏற்றிச்செல்லத் துணியும் நிறுவனம், ஏற்கெனவே திவாலின் வாசலில் நிற்கும் ஒன்றாகத்தான் இருக்கமுடியும். உரிமையாளர் கேப்டன் ரோம்னி கார்ல்டன்-ரிக்கெட்ஸ். டெர்ரி தாமஸ்! முன்பற்களுக்கிடையே அந்தப் புகழ்பெற்ற இடைவெளி, கச்சிதமாகக் கத்தரித்த மீசை, பேச்சில் படித்த வர்க்கத்தின் வழுக்கல். பணம் இல்லை, பட்டம் உண்டு. சீமான்களின் நடை உடை பாவனை அத்தனையும் கற்றுவைத்து, அவற்றை மட்டுமே முதலாகப் போட்டுப் பிழைக்கும் போக்கிரியை இவரைப்போல் ஒயிலாக ஆடியவர் யார்? அவர் சிரிக்கும்போது அந்தப் பல்லிடைவெளி கதவு திறந்த மாதிரி. உள்ளே இருக்கும் பொய்யெல்லாம் தெரிகிறது. ஆனாலும் அவர்மீது கோபம் வருவதில்லை. பயணம் நீள நீள, பஸ்ஸும் அவரும் சேர்ந்தே சிதைகிறார்கள். கழுத்துத் துண்டு மட்டும் கடைசிவரை குலைவதில்லை.

1957 மார்ச்சில் ஆறு ஐரோப்பிய நாடுகள் ரோமில் கூடிப் பொதுச்சந்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டன் அதில் சேரவில்லை. அதே ஆண்டின் முடிவில் அதே நகரத்துக்கு லாண்டரும் கில்லியட்டும் இந்த நல்லெண்ணத் தூதுக்குழுவை அனுப்பிவைக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா என்பது இருக்கட்டும். இப்போது பார்க்கும்போது தித்திக்கிறது.

எல்லோரையும் தாண்டி என் நெஞ்சில் நிற்பவர் ஜாய்ஸ் கிரென்ஃபெல். சார்ஜெண்ட் ரூபி கேட்ஸ்: மாறுவேடத்தில் பள்ளிக்குழுவோடு பயணப்படும் காவல்துறைப் பெண், இந்தமுறை வேடம் மொழிபெயர்ப்பாளர். நெடுநெடுவென்ற உயரம். அந்த உயரத்தை என்ன செய்வதென்று தெரியாத கைகால்கள். சிரிக்கும்போது முகத்தைவிடப் பெரிதாகிவிடும் பல்வரிசை. மழலையர் பள்ளி ஆசிரியையாக, கண்ணுக்குத் தெரியாத குழந்தைகளோடு தனியாளாய்ப் பேசி நடித்தே மேடையில் பெயரெடுத்தவர் கிரென்ஃபெல். இங்கே குழந்தைகள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அதுதான் ரூபியின் துரதிர்ஷ்டம். மேடையில் கற்பனைக் குழந்தைகளிடம் காட்டிய அதே அசராத உற்சாகத்தை இந்தப் பூதகணங்களிடமும் காட்டுகிறார். அது ஒவ்வொருமுறையும் தோற்கிறது. ஒரு மூச்சு இழுத்து, தோளை நிமிர்த்தி, மறுபடி தொடங்குகிறார். தொடங்குவதற்கு முந்தைய அந்த அரை விநாடியில் கண்களில் ஒரு தளர்ச்சி தோன்றி மறையும்; தவறவிடாதீர்கள்.

ரூபிக்குக் காதல் உண்டு. மேலதிகாரி கெம்ப்-பேர்டோடு நிச்சயமாகி ஆண்டுகள் ஓடிவிட்டன. லாயிட் லாம்பிள் நடித்த அந்த மனிதருக்குத் திருமணம் என்பது எப்போதும் அடுத்த வழக்கு முடிந்தபிறகு வரவேண்டிய விஷயம். இந்த நிலையில்தான் பஸ் முதலாளி தன் மீசையோடு ரூபியின் பக்கம் சாய்கிறார். நம்மை யாரோ ஒருவர் அழகி என்கிறாரே என்ற வியப்பு கிரென்ஃபெலின் முகத்தில் பரவுவதைப் பாருங்கள். கன்னத்தில் தொடங்கி, மேலேறி, புருவத்தில் சந்தேகமாகி, மறுபடி இறங்கிச் சிரிப்பாகிறது. கேலிப்படத்துக்குள் இப்படியொரு நுண்ணிய மலர்ச்சி வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? டெர்ரி தாமஸும் அந்தக் காட்சிகளில் தன் வழுக்கலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார். போக்கிரிக்குள் ஒரு நிமிடம் நிஜமான மரியாதை எட்டிப்பார்க்கிறதோ என்று தோன்றும். எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறது.

கிரென்ஃபெல் இருப்பதற்காகவே 1960இல் வந்த மூன்றாவது படத்தையும், ‘தி ப்யூர் ஹெல் ஆஃப் செயின்ட் டிரினியன்ஸ்’, பார்த்துவிடலாம். சிம் அதில் இல்லை. பிள்ளைகள் அந்தப் படத்தில் பள்ளியையே கொளுத்திவிட்டு நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். ரூபிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.